வேம்புலி சொல்லாமல் வந்த சேதி

நல்லேரிப்பாக்கம் போர்டு பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு நான்கு ஜன்னல்கள். மூன்றை எப்போதும் திறந்து வைப்பார்கள். தெற்குத் தாழ்வாரத்தைப் பார்த்த மூன்றாவது ஜன்னலை மட்டும், எந்த வாத்தியார் மாற்றலாகி வந்தாலும், வந்த ஒரு மாதத்துக்குள் சாத்தச் சொல்லிவிடுவார். காற்று சில்லென்று அடிக்கிறது என்பார். சித்திரை மாத வெயிலில் அப்படிச் சொன்னவரும் உண்டு. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. பள்ளிக்கூடம் பெருக்குகிற வேம்புலியம்மாளுக்குக் கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

திருமழிசையிலிருந்து ஏரிக்கரையோடு தெற்கே இரண்டு மைல் நடந்தால் வருகிற ஊர் அது. ஊருக்கும் சேரிக்கும் நடுவில், இரண்டிலும் சேராமல், ஓடு வேய்ந்த பள்ளிக்கூடம் நின்றது. பன்னிரண்டு வருஷமாக வேம்புலிதான் அங்கே பெருக்குகிறாள். விடிந்ததும் வருவாள். புங்க மரத்துச் சருகைக் கூட்டி அள்ளுவாள். தாழ்வாரம் முழுக்கத் தண்ணீர் தெளிப்பாள். சேரிப் பிள்ளைகளுக்கென்று மரத்தடியில் தனியாக ஒரு மண்பானை. அதற்குச் சேரிக் கிணற்றிலிருந்து நீர் கொண்டுவந்து நிரப்புவாள். கூடத்துக்குள் இருந்த செப்புத் தவலை அவள் கைபடக் கூடாதது. அதை நிரப்ப வேறு ஆள் உண்டு.

தெளித்த தண்ணீர் எப்படிக் காய்கிறது என்பதை அவள் முதல் வாரத்திலேயே பார்த்துவிட்டாள். மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே, ஒரு பிள்ளை சம்மணம் போட்டு உட்கார்ந்தால் அடைகிற இடம், மற்றதெல்லாம் ஈரமாக இருக்கும்போதே வெளுத்துப் போய்விடும். கல்லில் ஏதோ கோளாறு என்று ஒரு குடம் தண்ணீரை அப்படியே கவிழ்த்தாள். தண்ணீர் ஓடியது. அந்த ஒரு முழ இடத்தைச் சுற்றிக்கொண்டு ஓடியது. வேம்புலி துடைப்பத்தைக் கீழே போட்டாள். பிறகு மரத்தடிக்குப் போய், பானையிலிருந்து ஒரு அலுமினியக் குவளை நிறைய மொண்டு, ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு வந்தாள். மதிய மணி அடித்த பிறகு வந்து பார்த்தால் தண்ணீர் ஒரு விரற்கடை குறைந்திருந்தது.

அன்றிலிருந்து தினமும் வைத்தாள். தினமும் குறைந்தது.

அவள் புருஷன் துலுக்கானம் எதற்கும் சிரிப்பவன். ஆவடியில் மிலிட்டரி டிப்போ வந்த பிறகு அங்கே மூட்டை தூக்கப் போய்க்கொண்டிருந்தான். லாரியில் ஏறிப் போய் லாரியில் இறங்குவான்.

"காக்கா குடிச்சிருக்கும்டி" என்றான்.

"காக்கா குடிச்சா கொவளைய தள்ளிட்டுப் பூடாது?"

"நல்ல காக்காவா இருக்கும். போர்டு ஸ்கூல்ல படிச்ச காக்கா."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். ஆனால் அதற்குப் பிறகு அவளைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தால் புங்க மரத்தைத் தாண்டி வரமாட்டான். அங்கிருந்தே கூப்பிடுவான்.

அந்த இடத்தில் உட்கார்ந்து படித்தவன் வேம்புலியின் தம்பி செங்கல்வராயன். வீட்டில் அவன் செங்கு. இவளுக்கு இரண்டு வயது இளையவன். அப்பன் முனியன் மிராசுதாரிடம் படியாள். ஒரு பெருமழையில் ஏரிக்கரை உடையப் போன சமயத்தில், உடைப்பில் முதுகைக் கொடுத்து விடிய விடிய உட்கார்ந்திருந்தான் முனியன். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார் மிராசுதார். நெல் கேட்பான், வேட்டி கேட்பான் என்று நினைத்திருப்பார். "எம் புள்ள படிக்கணும் சாமி" என்றான். ஊரே சிரித்தது. சொன்ன வாக்கைத் தள்ள முடியாமல் மிராசுதார் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட வாயாலேயே இரண்டு நிபந்தனை போட்டார். பையன் தாழ்வாரத்தில்தான் உட்கார வேண்டும். ஒரு நாள் வரவில்லை என்றாலும் பேரை அடித்துவிடுவார்கள். அப்புறம் சேரியிலிருந்து இன்னொரு பேர் அந்தப் பதிவேட்டில் ஏறாது.

ஐந்தாம் வகுப்பு வாத்தியார் அப்பாதுரை கெட்டவரில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துச் சத்தமாகப் பாடம் நடத்துவார். மற்ற வகுப்புகளில் 'ஆஜர்' என்று சொன்னால் போதும்; அவர் வகுப்பில் 'உள்ளேன் ஐயா' என்று முழுதாகச் சொல்ல வேண்டும். கடைசிப் பேர் செங்கல்வராயனுடையது. அவர் பதிவேட்டிலிருந்து தலை தூக்காமலே கூப்பிடுவார். ஜன்னலுக்கு வெளியிலிருந்து குரல் வரும். பேனா கீறும். அந்தப் பையனின் முகம் அவருக்குத் தெரியுமோ என்னவோ, குரல் தெரியும். கணக்கைப் போட்டுச் சிலேட்டை அவன் ஜன்னல் கட்டையில் வைப்பான். அவர் தொடாமல் குனிந்து பார்த்து, சரி என்பார். சரி என்றுதான் எப்போதும் சொன்னார்.

பிறகு விஷ ஜுரம் வந்தது. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு, ஐப்பசி மாதம். பூந்தமல்லி சாலையில் வண்டி வண்டியாகப் பிணம் போயிற்று. பறை அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அடித்தால் நாள் முழுக்க அடிக்க வேண்டியிருந்தது. செங்கு படுத்தான். கண்ணைத் திறந்த நேரத்திலெல்லாம் ஒன்றையே சொன்னான்.

"யக்கா, பேரை அடிச்சிடுவாங்க."

"அடிக்க மாட்டாங்கடா. படு."

"நீ போ. நீ சொல்லு. நம்ம ரெண்டு பேரு கொரலும் ஒண்ணுதான?"

ஒன்றுதான். இருட்டில் பேசினால் அம்மாவுக்கே தெரியாது. பன்னிரண்டு வயது வேம்புலி போய் மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தாள். பேர் வந்ததும் 'உள்ளேன் ஐயா' என்றாள். பேனா கீறியது. எழுந்து குனிந்தபடியே ஓடி வந்துவிட்டாள். இப்படி ஏழு நாள்.

எட்டாம் நாள் விடியற்காலை செங்கு செத்துப் போனான். அப்பன் குழி வெட்டப் போனான். அம்மா பொன்னம்மாள் அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, வேம்புலியைக் கூப்பிட்டாள். "போயி வாத்தியாருகிட்ட சொல்லிட்டு வா. அவன் செத்துட்டான், பேரை அடிச்சிடுங்கன்னு சொல்லு. நம்மள மதிச்சு எடம் குடுத்தாங்க. சொல்லாம வுடக் கூடாது."

அந்த ஒரு வாக்கியத்தை வழி நெடுக வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனாள் வேம்புலி. ஜன்னலுக்குக் கீழே நின்றால் தலை தெரியும், நடுவில் பேசினால் வாத்தியாருக்குக் கோபம் வரும். பேர் கூப்பிடும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வழக்கம்போல் உட்கார்ந்தாள். பேர்கள் ஒவ்வொன்றாக வந்தன. அந்த வாரம் பாதிப் பேருக்குப் பதிலே இல்லை. கடைசியில் அந்தப் பேர் வந்தது.

"செங்கல்வராயன்."

"உள்ளேன் ஐயா."

ஏழு நாள் பழகிய வாய் அது. சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது. உள்ளே பேனா கீறியது. வீட்டில் பாயில் கிடக்கிறவனை உயிரோடு இருப்பதாகச் சொல்லியாகிவிட்டது. எழுந்து, இல்லை ஐயா என்று சொல்ல வேண்டும். கால் எழுந்தது, வாய் திறக்கவில்லை. ஓடினாள்.

"சொல்லிட்டியா?" என்று கேட்டாள் அம்மா.

"சொல்லிட்டேன்."

அப்புறம் அந்தப் பக்கமே அவள் போகவில்லை. கல்யாணம் ஆயிற்று. அம்மாவும் அப்பனும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். பெருக்குகிற வேலை காலியானபோது சேரியில் வேறு யாரும் கேட்பதற்கு முன்னால் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஏன் என்று துலுக்கானம் கேட்டதற்கு, கிட்டத்தில் இருக்கிறது என்றாள்.

சண்டை நடந்துகொண்டிருந்த நாற்பத்து நாலாம் வருஷம், பொங்கல் கழிந்த வாரம், ஜில்லா போர்டிலிருந்து ஒரு உத்தரவு வந்தது. ஒவ்வொரு பள்ளிக்கூடமும் தன் பழைய மாணவர்களில் பேர் எடுத்தவர்களைப் பொறுக்கி, கூடத்தில் பெருமைப் பலகை வைத்து, அவர்களை வரவழைத்துக் கௌரவிக்க வேண்டும். ஹரிஜனப் பிள்ளை ஒருவனாவது பட்டியலில் இருந்தால் நல்லது என்று ஓரத்தில் எழுதியிருந்தது.

தலைமை ஆசிரியர் ஜானகிராம முதலியாருக்கு ஒன்பது பேர் சுலபமாகக் கிடைத்தார்கள். தாசில்தார் ஒருவர், வக்கீல் இருவர், ரயில்வேயில் பெரிய உத்தியோகம் ஒருவர், இப்படி. பத்தாவது பேருக்காகக் குமாஸ்தா சம்பத் மூன்று நாள் பழைய பதிவேடுகளைத் தூசி தட்டினான். நாலாம் நாள் வேம்புலிக்கு ஆள் வந்தது.

"வா, வேம்புலி. வாசப்படிக்கு வெளிய நிக்காதே, உள்ளயே வா" என்றார் முதலியார். அவர் முகம் பூரித்திருந்தது. "முனியன் மகன் செங்கல்வராயன், உனக்கு என்ன வேணும்?"

"தம்பிங்க சாமி."

"இப்படி ஒரு தம்பி இருக்கான்னு நீ சொல்லவே இல்லையே! சம்பத், படிச்சுக் காட்டுப்பா."

சம்பத் தூசிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு ஏட்டைத் திருப்பினான். "பதினெட்டு, பத்தொன்பது. அஞ்சாம் வகுப்பு. ஊரே ஜுரத்துல படுத்துக்கினு கீது, ஒரு நாள் கூட லீவு இல்லீங்க. ஐப்பசி முழுக்க வந்திருக்கான். கார்த்திகை, மார்கழி, தை, எல்லாம் வந்திருக்கான். பங்குனிப் பரீட்சை எழுதியிருக்கான். கணக்குல தொண்ணூத்தி ரெண்டு. வகுப்புல முதல்."

வேம்புலி ஓரடி முன்னால் வந்தாள்.

"இன்னா மாசம் சாமி?"

"பங்குனி. ஏன்?"

ஐப்பசியில் குழியில் மண் தள்ளியது அவள் கையும் சேர்ந்துதான். அவள் பதில் சொன்னது எட்டு நாள். அதற்கு மேல் சொன்னது அவளில்லை.

"அதுக்கப்புறம் பேரைக் காணோம்" என்றார் முதலியார். "எங்கே போனான்? இப்ப எங்கே இருக்கான்? கூடத்துப் பலகையில அவன் பேரையும் எழுதப் போறோம்."

அந்த நேரத்தில் அவளுக்கு அப்பனின் முதுகு ஞாபகம் வந்தது. உடைப்பில் உட்கார்ந்து தோல் ஊறிப் போன முதுகு. அதற்குக் கிடைத்த கூலி, சுவரில் ஒரு பேர். பேர் எழுதக் கூடத்துச் சுவரே காத்திருந்தது. அவன் ஐப்பசியிலேயே செத்துப் போனான் என்றால், பங்குனிப் பரீட்சை பொய்யாகும். பொய்யானவன் பேரைப் பலகையில் எழுதமாட்டார்கள்.

"ரங்கூன்ல கீறான் சாமி" என்றாள். "கடுதாசி கெடயாது."

ரங்கூனை ஜப்பான்காரன் பிடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. யாருக்குமே அங்கிருந்து கடுதாசி வரவில்லை. முதலியார் அதைக் கேட்டு உச்சுக் கொட்டினார். "பரவாயில்லை. விழாவுல அப்பாதுரை வாத்தியாரே வந்து பழைய பதிவேட்டிலிருந்து பேர் கூப்பிடறதா ஏற்பாடு. பெரிய மனுஷங்க எல்லாம் எழுந்து 'உள்ளேன் ஐயா'ன்னு சொல்லப் போறாங்க. வராதவங்களுக்கு வீட்டுல ஒருத்தர் சொல்லணும். பதில் இல்லாத பேர் பலகையில நிக்காது, அப்படின்னு வாத்தியார் கண்டிப்பா சொல்லிட்டார். நீ சொல்லிடு, என்ன?"

அன்று குவளையை வைக்கப் போனவள் வெகு நேரம் அந்த முழ இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக அவன் இங்கே ஆசையோடு சுற்றுகிறான் என்று நினைத்திருந்தாள். படிப்பின் மேல் உள்ள ஆசை. அப்படியில்லை. செத்த அன்றைக்கு அவனை இருப்பதாகச் சொன்னது அவள். இருக்கிறேன் என்று அவன் பேரால் வாக்குக் கொடுத்தாயிற்று. மறுநாள் அவள் வரவில்லை. வாக்கைக் காப்பாற்ற அவனே வர வேண்டியதாயிற்று. பேரை அடிக்கச் சொல்லி யாராவது வரும் வரைக்கும் வந்துகொண்டே இருந்திருக்கிறான். பரீட்சை முடிந்து, வகுப்பு மாறி, வாத்தியார் மாறி, கூப்பிட ஆளில்லாமல் போன பிறகும்.

"சொல்லிடுடி" என்றான் துலுக்கானம். "ரெண்டே வார்த்த. தாசில்தாரு பேருக்குக் கீழ நம்ம பய பேரு. மிராசுதாரு பேரன் அண்ணாந்து பாக்கணும் அத்த."

"சொன்னா அவன் அங்கயேதான் கெடக்கணும்."

"கெடக்கட்டுமே. நெழலா கீது, தண்ணி வக்கிற." சிரிக்கப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "சொல்லலேன்னா?"

"பேரு பூடும்."

துலுக்கானம் கொஞ்ச நேரம் பீடியைப் பற்ற வைக்காமலே வாயில் வைத்திருந்தான். "உங்கப்பன் பட்ட பாடு" என்று மட்டும் சொன்னான்.

பலகை வந்தது. கறுப்புத் தேக்கில் வெள்ளை எழுத்து. பூந்தமல்லி பெயிண்டர் இரண்டு நாள் கூடத்தில் படுத்து எழுந்து எழுதினான். வேம்புலிக்கு எழுத்துத் தெரியாது. "இதான்மா உன் தம்பி" என்று அவன் கடைசி வரியைக் காட்டினான். எல்லாப் பேரிலும் நீளமான பேர் அதுதான். யாரும் இல்லாத நேரத்தில் அவள் அதன் அருகே போய், படாமல் விரலை ஓட்டிப் பார்த்தாள். இத்தனை வளைவு, இத்தனை சுழி, அவ்வளவும் செங்குவுக்கு. முந்தானையால் பலகையின் சட்டத்தைத் துடைத்தாள். பேரைத் துடைக்கக் கை வரவில்லை, ஈரம் காயவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

விழாவுக்கு முதல் நாள் மாலை அப்பாதுரை வாத்தியார் மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். இரண்டு கண்ணிலும் பூ விழுந்து, பார்வை ஏறக்குறைய போய்விட்டது. பேர்களை மனப்பாடமாகச் சொல்வேன், ஏடு கைக்கு அடக்கமாக இருந்தால் போதும் என்றார். முதலியார் அவரைக் கைபிடித்து ஐந்தாம் வகுப்புக்கு அழைத்துப் போனார். வேம்புலி வெளியே தாழ்வாரம் பெருக்கிக்கொண்டிருந்தாள். பேச்சு ஜன்னல் வழியாக வந்தது.

"கடைசிப் பையனை நல்லா ஞாபகம் இருக்கு" என்றார் கிழவர். "இந்த ஜன்னல்தான். முகம் ஞாபகம் இல்லை, குரல் இருக்கு. கார்த்திகைக்கு அப்புறம் குரல் கொஞ்சம் கம்மிப் போச்சு. ஜுரத்துல தப்பினவன், சளி போலிருக்குன்னு விட்டுட்டேன்."

"சிலேட்டு எல்லாம் ஒழுங்கா வைப்பானா?"

"வைப்பான். கணக்கு ஒரு நாளும் தப்பினதில்லை. ஆனா தையில எல்லாம் சிலேட்டு ஈரமா இருக்கும் ஓய். ஈர மண் ஒட்டியிருக்கும். ஏண்டா இப்படின்னு ஒரு தரம் கேட்டேன். பதில் சொல்லலை. பேர் கூப்பிட்டா மட்டும்தான் பேசுவான்."

வேம்புலியின் துடைப்பம் நின்றது. பெருக்கும் சத்தம் நின்றதைக் கேட்டு, "யார் வெளியே?" என்றார் கிழவர்.

"பெருக்குறவ" என்றார் முதலியார்.

"இல்லை, அவ பக்கத்துல" என்றார் அப்பாதுரை. பிறகு, வயதாகிவிட்டது, காதும் சரியில்லை என்று தாமே சொல்லிக்கொண்டு வெளியே வந்தார்.

விழா மறுநாள் பகல் பதினொரு மணிக்கு. மாவிலை கட்டி, நாற்காலி போட்டு, கூடத்துக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் நடுவில் இருந்த தட்டியை எடுத்துவிட்டிருந்தார்கள். கூட்டம் தாங்காமல் எல்லா ஜன்னல்களையும், மூன்றாவதையும் சேர்த்து, திறந்துவிட்டார்கள். வேம்புலியை உள்ளே உட்காரச் சொன்னார் முதலியார். உள்ளே அவளுக்கு ஒரு இடமும் காலி வைத்திருக்கவில்லை; காலியாக இருந்த ஒரு நாற்காலியும் தனக்குப் போட்டதல்ல என்பது அவளுக்குத் தெரியும். தாழ்வாரத்துக்கே வந்து மூன்றாவது ஜன்னலை ஒட்டி நின்றாள். நிற்கும்போது அந்த முழ இடத்தை மிதிக்காமல் காலைத் தள்ளி வைத்துக்கொண்டாள். புங்க மரத்தடியில் துலுக்கானம் புது வேட்டியில் நின்றான்.

பிரார்த்தனை, வரவேற்பு, மாலை எல்லாம் முடிந்தது. அப்பாதுரை ஏட்டைத் தொடையில் வைத்துக்கொண்டு கூப்பிட ஆரம்பித்தார். குரல் நடுங்கியது, ஆனால் அதே குரல்.

"ஜெயராமன்."

தொந்தியும் தலைப்பாகையுமாகத் தாசில்தார் எழுந்து நின்று, "உள்ளேன் ஐயா" என்றார். கூடம் கொல்லென்று சிரித்தது. "சத்தமாச் சொல்லுடா" என்றார் கிழவர். தாசில்தார் இன்னும் சத்தமாகச் சொன்னார். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. ஒரு வக்கீலுக்குப் பதில் அவர் மகன் சொன்னான். ரயில்வேக்காரர் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேனாவால் ஒவ்வொருவருக்கும் ஒரு கீறல் போட்டார் அப்பாதுரை. பார்வை இல்லாத கை, வரிக்கு வரி சரியாக இறங்கியது.

"செங்கல்வராயன்."

சிரிப்பு ஓய்ந்திருந்தது. எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். வேம்புலி வாயைத் திறக்கவில்லை.

"செங்கல்வராயன்" என்றார் கிழவர் மறுபடியும். "வரலையா?"

முதலியார் ஜன்னலைப் பார்த்துத் தலையாட்டினார், சொல்லு என்று. பலகை அவருக்குப் பின்னால் இருந்தது. ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த நீளமான கடைசி வரி நன்றாகத் தெரிந்தது. ரெண்டே வார்த்தை. வேம்புலிக்கு நாக்கில் அந்த இரண்டு வார்த்தையும் வந்து நின்றன. பழகிய வாய்க்கு அவை சுலபம்.

அப்போது அவள் இடுப்பருகே, பத்து வயதுப் பிள்ளை உட்கார்ந்தால் தலை இருக்கும் உயரத்தில், யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். பேசப் போகிறவன் இழுக்கிற மூச்சு. சில்லென்று இருந்தது. ஈர மண் வாசனை வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் கூப்பிட்ட உடனே பதில் சொல்லத் தயாராக இருந்தான் செங்கு.

"வேணாம்டா" என்று முணுமுணுத்தாள். பிறகு, அவன் சொல்வதற்கு முன்னால், கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"அவன் செத்துட்டான் ஐயா. பேரை அடிச்சிடுங்க."

அப்பாதுரையின் பேனா ஏட்டின் மேல் நின்றது.

"யாரம்மா நீ?" என்றார் அப்பாதுரை.

"அவங்கக்கா. அம்மா சொல்லி அனுப்புச்சி. ஐப்பசியில செத்துட்டான், வந்து சொல்லச் சொல்லிச்சி. நான்தான் சொல்லாம பூட்டேன்."

"எந்த ஐப்பசி?"

"ஜுர வருஷம் ஐயா. படுத்திருந்த ஏழு நாளும் நான்தான் உள்ளேன்னு சொன்னேன். செத்த அன்னிக்கும் சொல்லிட்டேன். எட்டு நாளு. அவ்ளோதான் நான் சொன்னது."

கிழவரின் வெண்ணிறக் கண்கள் ஜன்னல் பக்கம் திரும்பின. பங்குனி வரைக்கும் என்று அவர் உதடு அசைந்தது. மேலே எதையோ கேட்க வந்து, கேட்காமல் விட்டார். அவருக்கு விடை தெரியும் என்று வேம்புலிக்குத் தோன்றியது. ஈரச் சிலேட்டைக் குனிந்து பார்த்த ஒவ்வொரு நாளும் தெரிந்திருக்கும். ஏட்டில் விரலால் தடவி அந்த வரியைத் தேடினார். பேனாவை வைத்து, இடமிருந்து வலமாக, ஒரே கோடாக இழுத்தார். அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகக் கேட்டது.

"போயிட்டு வாப்பா" என்றார் வாத்தியார். யாரிடம் சொன்னார் என்று கூடத்தில் ஒருவருக்கும் புரியவில்லை.

இடுப்பருகே இருந்த குளிர் விலகியது. புங்க மரத்துச் சருகு ஒன்று கூட அசையவில்லை. துலுக்கானம் மட்டும் மரத்தடியிலிருந்து சட்டென்று ஒதுங்கி வழி விட்டான். ஏன் ஒதுங்கினேன் என்று அவனுக்குச் சாகிற வரை சொல்லத் தெரியவில்லை.

விழா எப்படியோ முடிந்தது. தாசில்தார் ஒரு வார்த்தை பேசாமல் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். ஜில்லா போர்டுக்குப் போன பட்டியலில் பொய் இருந்தது என்று முதலியாருக்கு மெமோ வந்தது. அவர் வேம்புலியைத் திட்டவில்லை. வேலையை விட்டும் எடுக்கவில்லை. "இதை அன்னைக்கே என் கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். "சொல்லியிருக்கலாம் சாமி" என்றாள். பெயிண்டரைக் கூப்பிட்டுக் கடைசி வரி மேல் கறுப்புப் பூசச் சொன்னார்கள். பழைய கறுப்பு கிடைக்கவில்லை, சண்டைக் காலம். வேறு கறுப்பைப் பூசினான். பலகையின் அடியில் ஒரு நீளப் பட்டை தனியாகப் பளபளத்தது. கூடத்துக்கு வருகிறவர்கள் மேலே உள்ள ஒன்பது பேரைப் படித்துவிட்டு, இங்கே யார் இருந்தது என்று கேட்டார்கள்.

விழா நடந்த அன்று இரவு துலுக்கானம் வீட்டில் சிரிக்கவில்லை. அவள் சோறு போட்டபோது, "நல்ல காக்காதான்" என்றான், மெதுவாக.

மறுநாள் விடிந்ததும் வேம்புலி வந்தாள். சருகு கூட்டினாள். தாழ்வாரத்தில் தண்ணீர் தெளித்தாள். மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே ஈரம் மற்ற இடத்தைப் போலவே தங்கி, மற்ற இடத்தைப் போலவே காய்ந்தது. ஐந்தாம் வகுப்பு வாத்தியார் ஜன்னலைச் சாத்த வந்து, கொக்கியைப் பிடித்து, என்ன நினைத்தாரோ, திறந்தபடியே விட்டுவிட்டுப் போனார். உள்ளே பேர் கூப்பிட ஆரம்பித்தார்கள். கடைசிப் பேர் வரைக்கும் நின்று கேட்டாள். கடைசிப் பேருக்குப் பிறகு ஏடு மூடும் சத்தம் வந்தது.

வழக்கப்படி குவளையை நிரப்பிக் கட்டையில் வைத்தாள். மதிய மணி அடித்தது. போய்ப் பார்த்தாள். விளிம்பு வரை நிறைந்து, ஒரு சொட்டுக் குறையாமல் நின்றது தண்ணீர். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

நாலாம் நாள் அந்தக் குவளையை எடுத்து, நின்றபடியே, அண்ணாந்து முழுதும் அவளே குடித்தாள். பிறகு குவளையை மரத்தடிப் பானை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, துடைப்பத்தை எடுத்தாள்.